பார்க்கிங் சார்ஜுக்குக் கடன் வசூல் கடிதம் வந்திருக்கிறதா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் தெரிந்த தம்பி, திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து எட்டு மாதம், செகண்ட் ஹேண்டில் கார் வாங்கி ஆறு மாதம். படத்தில் சிவப்புப் பட்டை போட்ட ஒரு கடிதம். மேலே பெரிய எழுத்தில் கடைசி எச்சரிக்கை, நடுவில் 170 பவுண்டு, அதற்குக் கீழே கோர்ட், பெய்லிஃப் (கோர்ட் உத்தரவோடு பொருளைப் பறிமுதல் செய்ய வருபவர்), கிரெடிட் ஸ்கோர் என்று வயிற்றைக் கலக்கும் சொற்கள் எல்லாம் தடித்த எழுத்தில். "அண்ணா, போலீஸ் வருமா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா? இப்பவே கார்டுல கட்டிடவா?" என்று கேட்டிருந்தார்.

கட்ட வேண்டாம், படுத்துத் தூங்குங்கள், நாளைக்கு இது சம்பந்தமாக வந்த எல்லாக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று பதில் போட்டேன். மறுநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழு உறைகளைக் கொட்டினார். ஆறு பிரித்தவை. ஏழாவதைப் பிரிக்கவே இல்லை, சிவப்பும் இல்லாமல் மிரட்டலும் இல்லாமல் வெறும் வெள்ளை உறையாக வந்ததால் ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் ஒரு சொலிசிட்டர் நிறுவனம் அனுப்பிய ஆறேழு பக்கம். முதல் பக்கத்தில் லெட்டர் ஆஃப் கிளெய்ம் என்று இருந்தது, அதாவது வழக்குப் போடுவதற்கு முன் அனுப்பும் கடிதம். பதில் சொல்ல 30 நாள் கெடு, அதில் 22 நாள் ஓடிவிட்டிருந்தது.

அந்த ஏழாவது உறைக்காகத்தான் இதை எழுதுகிறேன். தனியார் பார்க்கிங் விஷயத்தில் சத்தம் போடுகிற கடிதங்களால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது, சத்தமே இல்லாமல் வருகிற இரண்டே இரண்டு கடிதங்கள்தான் உங்களைச் சிக்கவைக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள்

இதைத் தவறவிட்டால் மீதி எல்லாம் தப்பாகிவிடும். பிசிஎன் என்ற மூன்றெழுத்துக்கு இங்கே இரண்டு அர்த்தம். கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், போடுவது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ். அது சட்டப்படியான அபராதம். சூப்பர் மார்க்கெட், ரீடெய்ல் பார்க், ஜிம், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி வளாகம் மாதிரி இடங்களில் தனியார் கம்பெனி போடுவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டாவது அபராதமே கிடையாது, "எங்கள் போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை மீறினீர்கள், அதனால் இவ்வளவு தர வேண்டும்" என்று ஒரு கம்பெனி உங்களுக்கு அனுப்பும் பில். நோட்டீஸின் நிறம், மஞ்சள் பை, கறுப்புக் கட்டம் எல்லாம் கவுன்சில் டிக்கெட் போலவே இருக்கும், ஆகவே தோற்றத்தை நம்பாமல் தலைப்பையும் அனுப்பியவர் பெயரையும் வாசியுங்கள்.

கவுன்சில் பெயர் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அந்த நோட்டீஸில் உள்ள தேதிகளைப் பிடியுங்கள். 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. அசட்டையாக விட்டால் தொகை ஒன்றரை மடங்காகி, நார்த்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் பதிவாகி, விசாரணை எதுவும் இல்லாமலே பெய்லிஃப் வரை போய்விடும். கவுன்சில் டிக்கெட்டில் பெய்லிஃப் என்ற வார்த்தை நிஜம்.

தனியார் கம்பெனி என்றால் மேலே படியுங்கள்.

கடன் வசூல் கம்பெனிக்கு என்ன அதிகாரம்?

கடிதம் எழுதலாம், போன் செய்யலாம், மெசேஜ் அனுப்பலாம். அவ்வளவுதான். வீட்டுக்குள் வர முடியாது, காரைத் தூக்க முடியாது, சம்பளத்தில் பிடிக்க முடியாது, உங்கள் கிரெடிட் ஃபைலில் ஒரு வரிகூட எழுத முடியாது. பெய்லிஃப் வேறு ஆள், கடன் வசூல் ஏஜென்ட் வேறு ஆள். பெய்லிஃப் வர வேண்டுமானால் முதலில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அந்தத் தீர்ப்புக்கு நீங்கள் பணம் கட்டாமல் இருந்து, அதற்கு மேல் தனியாக ஒரு உத்தரவும் வாங்க வேண்டும். இத்தனை படியையும் தாண்டாமல் ஒருவர் கதவைத் தட்டினால், திறக்க வேண்டிய அவசியம் இல்லை, ஜன்னல் வழியாகவே பேசி அவரைப் போகச் சொல்லிவிடலாம்.

தொகையையும் பாருங்கள். தனியார் பார்க்கிங் சார்ஜின் உச்சவரம்பு அவர்களுடைய சங்க விதிப்படி 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. கடன் வசூலுக்குப் போனதும் 70 சேர்ந்து 170 ஆகிவிடும். புதிதாக வந்தவர்களை உலுக்குவது இந்த 170தான், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் என்று பயந்து கட்டிவிடுகிறார்கள். ஏறாது. அதற்கு மேல் வழக்குப் போட்டால்தான் ஏறும், அதுவும் எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நம் ஆட்களில் பழையவர்கள் சிலர் இன்னொரு மூலைக்குப் போவார்கள்: "அதெல்லாம் சும்மா, குப்பையில் போடு". 2012க்கு முன்னால் அது ஓரளவு சரி, அப்போது காரை ஓட்டியது யார் என்று கம்பெனிக்குத் தெரியாவிட்டால் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 2012 அக்டோபரில் புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியார் இடத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்த அதே சட்டம், சில நிபந்தனைகளோடு, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும் காரின் பதிவுபெற்ற கீப்பரிடம், அதாவது காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம், பணம் கேட்கலாம் என்றும் சொன்னது. அப்புறம் 2015 நவம்பரில் பீவிஸ் வழக்கு. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேரம் இலவசமான ஒரு கார் பார்க்கில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்டு கேட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே குப்பைத் தொட்டி யோசனையை விட்டுவிடுங்கள். இன்றைக்குக் கம்பெனிகள் உண்மையிலேயே வழக்குப் போடுகின்றன, யாரும் பதில் சொல்லாத வழக்குகள்தான் அவர்களுக்குச் சுலபம்.

மேசையில் அடுக்குங்கள்

எல்லாக் கடிதத்தையும் தேதி வாரியாக அடுக்குங்கள். உறையையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் கையில் கிடைத்த தேதியை எழுதுங்கள், பிறகு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

இப்போது முதல் கடிதத்தைக் கையில் எடுங்கள், கார் பார்க் கம்பெனி நேரடியாக அனுப்பிய நோட்டீஸ் டு கீப்பர். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், கண்ணாடியில் ஒட்டாமல் கேமராவில் படம் பிடித்துத் தபாலில் வந்த நோட்டீஸ் என்றால் இன்னும் முக்கியம். கீப்பரிடம் பணம் கேட்கும் உரிமை வேண்டுமானால், கார் நின்ற நாளுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அந்த நோட்டீஸ் உங்கள் முகவரிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்டதற்குப் பிறகு இரண்டாவது வேலை நாளில் வந்து சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு: 2025 ஜூன் 2, திங்கட்கிழமை கார் நின்றது. 3ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 14ஆவது நாள் ஜூன் 16. நோட்டீஸில் ஜூன் 13, வெள்ளி என்று தேதி போட்டு அன்றே தபாலில் போட்டிருந்தால், சனி ஞாயிறு கணக்கில் வராது, 17ஆம் தேதி செவ்வாய்தான் சேர்ந்ததாக அர்த்தம். ஒரு நாள் தாமதம். அந்த ஒரு நாளால் கீப்பர் பொறுப்பு போய்விடும், ஓட்டியவரிடம் மட்டும்தான் அவர்கள் கேட்க முடியும். (கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு: கீப்பருக்கான நோட்டீஸ் 28 நாள் கழிந்த பிறகு, 56 நாள் முடிவதற்குள் வர வேண்டும்.)

இங்கேதான் நம் ஆட்கள் அறியாமல் கோட்டை விடுகிறார்கள். நியாயமாக நடந்துகொள்வதாக நினைத்து முதல் ஈமெயிலிலேயே "நான் காரை அங்கே நிறுத்தினேன், பால் வாங்கப் போனேன், லேட்டாகிவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதிவிடுவார்கள். எழுதிய அந்த நிமிடமே அந்த 14 நாள் பாதுகாப்பு போயிற்று, ஓட்டியவர் நீங்கள்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். தனியார் கம்பெனி கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே கடிதத்தில் "காரின் கீப்பர்", "ஓட்டுநர்" என்று மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவது போலவே எழுதுங்கள். ஆனால் பொய் சொல்லாதீர்கள். ஓட்டியது நீங்களாக இருக்கும்போது "நான் ஓட்டவில்லை" என்று எழுதுவது வேறு, யார் ஓட்டினார் என்று சொல்லாமல் இருப்பது வேறு. வழக்கு என்று வந்தால் சத்தியக் கூற்றின் கீழ் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அங்கே பொய் சொன்னால் பார்க்கிங்கைவிடப் பெரிய தொல்லை.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா?

இதை நேர்மையாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி பார்க்கும் சங்கதிகள் சில.

காரின் நம்பரை மெஷினில் தட்டும்போது ஓர் எழுத்து தவறியிருக்கும். பணம் கட்டிய ஆதாரம் இருந்தால் இதை ரத்து செய்ய வேண்டும் என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. நேரம் முடிந்த பிறகு குறைந்தது 10 நிமிடம் சலுகை தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது, 8 நிமிடத்துக்கு நோட்டீஸ் வந்தால் அதைக் காட்டுங்கள். ஆப் வேலை செய்யாமல், சிக்னல் கிடைக்காமல், பணம் கட்டவே பத்து நிமிடம் ஆகி, ஆனாலும் கிளம்புவதற்கு முன் கட்டியிருந்தால் 2025 பிப்ரவரியிலிருந்து அதற்கும் பாதுகாப்பு உண்டு. குடியிருக்கும் வளாகத்தில் உங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே பார்க்கிங் இடம் எழுதியிருந்தால், பின்னால் வந்த கம்பெனி பெர்மிட் ஒட்டவில்லை என்று பில் போடுவதை எதிர்க்க அந்த ஒப்பந்தம்தான் ஆயுதம்.

எனக்கே நடந்தது ஒன்று. ஒரு சனிக்கிழமை காலையில் ரொட்டியும் முட்டையும் வாங்கப் போனேன், சாயங்காலம் விருந்தாளி வருகிறார்கள் என்று தயிர் வாங்க அதே கடைக்கு மறுபடி போனேன். காலையில் உள்ளே போன படத்தையும் சாயங்காலம் வெளியே வந்த படத்தையும் சேர்த்து, கார் ஏழு மணி நேரம் அங்கேயே நின்றதாக நோட்டீஸ் வந்தது. நடுவில் ஒரு முறை வெளியே போய் உள்ளே வந்ததைக் கேமரா தவறவிட்டிருக்கிறது. பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்தேன். மத்தியானம் ஒன்றரைக்கு எட்டு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் 31 பவுண்டுக்கு டீசல் போட்டது பதிவாகியிருந்தது. பங்க் ரசீதில் கார் நம்பர் இருந்தது. அந்த இரண்டையும் அனுப்பினேன், இரண்டு வாரத்தில் ரத்து. அந்தச் சின்ன ரசீது பர்ஸில் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு அலைந்திருப்பேன் என்று இப்போதும் நினைப்பேன். ஆகவே கார் நின்ற நாளின் பேங்க் பதிவு, கடை ரசீது, போனில் உள்ள லொகேஷன் டைம்லைன், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மெசேஜ், எது இருந்தாலும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்குப் போய் போர்டுகளைப் படம் எடுங்கள், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சிறிய எழுத்தில், ராத்திரியில் வெளிச்சம் விழுகிறதா என்பதெல்லாம் தெரியும்படி.

அங்கேயே கடை மேனேஜரையும் பாருங்கள். கார் பார்க் கம்பெனி கடையின் வாடிக்கையாளரைத்தான் பிடித்திருக்கிறது, பில்லைக் காட்டிக் கேட்டால் ரத்து செய்யச் சொல்லி ஈமெயில் போடும் மேனேஜர்கள் நிறையப் பேர். கடன் வசூலுக்குப் போன பிறகும் கேட்டுப் பார்க்கலாம்.

நோட்டீஸ் வந்து 28 நாள் ஆகவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அப்பீல் வழி இன்னும் திறந்திருக்கிறது. முதலில் கம்பெனிக்கு. அவர்கள் நிராகரித்தால், பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் உறுப்பினராக இருந்தால் பாப்லாவுக்கு, இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி உறுப்பினராக இருந்தால் ஐஏஎஸ்ஸுக்கு. இரண்டும் இந்த மாதிரி அப்பீல்களை விசாரிக்கும் அமைப்புகள். பாப்லா இலவசம், அதன் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.

கடன் வசூல் கடிதத்துக்கு என்ன பதில்?

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. போனில் பேசவே வேண்டாம், எதிர்முனையில் இருப்பவர் நயமாகப் பேசி "அப்போ நீங்கதானே ஓட்டினீங்க?" என்று வாயைக் கிளறிவிடுவார், இல்லாவிட்டால் மாதம் இருபது பவுண்டு தவணைக்குச் சம்மதிக்க வைத்துவிடுவார். ஒரே ஒரு முறை எழுத்தில் பதில் அனுப்புங்கள், நாலு வரி போதும். இந்தக் குறிப்பு எண் கொண்ட தொகையை நான் ஏற்கவில்லை, கடன் என்று எதுவும் இல்லை. கூடுதலாகச் சேர்த்த 70 பவுண்டையும் ஏற்கவில்லை. இதை உங்களை அமர்த்திய கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள். என் முகவரி இதுதான், இனி இதற்கே கடிதம் வர வேண்டும். அவ்வளவுதான், கதை வேண்டாம், கோபம் வேண்டாம்.

அதே நாளில் கார் பார்க் கம்பெனிக்குத் தனியாக ஓர் ஈமெயில் அனுப்புங்கள். அவர்களுடைய இணையதளத்தில் பிரைவசி பக்கத்தில் டேட்டா புரொடெக்‌ஷன் அதிகாரியின் ஈமெயில் இருக்கும். அதற்கு, சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் என்று தலைப்புப் போட்டு, என்னைப் பற்றியும் இந்தக் கார் நம்பரைப் பற்றியும் நீங்கள் வைத்திருக்கும் எல்லாப் படங்கள், கடிதங்கள், பணம் கட்டிய பதிவுகள் அனைத்தையும் அனுப்புங்கள் என்று கேளுங்கள். இது டேட்டா சட்டம் தரும் உரிமை, கட்டணம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முதல் நோட்டீஸைத் தொலைத்துவிட்டவர்களுக்கு இது வரப்பிரசாதம், அந்த நோட்டீஸே திரும்பக் கையில் வரும், தேதியைச் சரிபார்க்கலாம்.

முகவரி, முகவரி, முகவரி

இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு வருடத்தில் மூன்று நாலு வீடு மாறுவோம், ஈஸ்ட் ஹாமில் ஒரு ரூம், அப்புறம் ஹேரோவில் ஷேரிங், அப்புறம் வேலை கிடைத்த ஊரில் ஃபிளாட். பேங்கில் மாற்றுவோம், ஆபீஸில் மாற்றுவோம், காரின் லாக்புக்கில் (காரின் பதிவு ஆவணம்) மாற்ற மறந்துவிடுவோம். பார்க்கிங் கம்பெனிகள் 2.50 பவுண்டு கட்டி, வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவிடமிருந்து வாங்குவது அந்த லாக்புக் முகவரியைத்தான். நோட்டீஸ் பழைய ரூமுக்குப் போகும், அங்கே இருப்பவர் உறையை ரேடியேட்டர் மேல் வைத்துவிடுவார், கோர்ட் கடிதமும் அங்கேயே போகும். நீங்கள் ஒன்றும் அறியாமல் இருக்கும்போதே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா குடும்பம், லெஸ்டரில் நர்ஸாக இருந்து ஸ்லாவுக்கு மாறியவர்கள், மூன்று வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை வைத்து வீடு வாங்கப் போனபோதுதான் மார்ட்கேஜ் கம்பெனி சொல்லி அவர் பெயரில் ஒரு சிசிஜே இருப்பதே தெரிந்தது. ஆரம்பத் தொகை 100 பவுண்டு. சிசிஜே என்பது கவுன்ட்டி கோர்ட் தீர்ப்பு, ஆறு வருடம் பதிவில் இருக்கும். கிரிமினல் குற்றம் இல்லை, போலீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் விசா விண்ணப்பப் படிவத்தில், கடன் கட்டாததற்காகக் கோர்ட் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு உண்மையான பதில் எழுதத்தான் வேண்டும். தம்பி கேட்ட விசாக் கேள்விக்கு இதுதான் சரியான பதில்: வசூல் கடிதத்தால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தெரியாமல் விழும் தீர்ப்பைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும்.

லாக்புக் முகவரியை ஆன்லைனில் ஐந்து நிமிடத்தில் இலவசமாக மாற்றலாம். லைசென்ஸில் மாற்றுவது வேறு, லாக்புக்கில் மாற்றுவது வேறு, இரண்டையும் செய்யுங்கள். நோட்டீஸ் ஏற்கெனவே போயிருந்தால் டிவிஎல்ஏவில் மாற்றுவது மட்டும் போதாது, கார் பார்க் கம்பெனிக்கும் வசூல் கம்பெனிக்கும் புது முகவரியை எழுத்தில் சொல்லுங்கள், பழையதை அழிக்கச் சொல்லுங்கள்.

லெட்டர் ஆஃப் கிளெய்ம் வந்தால்

இது முதல் அமைதிக் கடிதம். சொலிசிட்டர் பெயரில் வரும், கூடவே பதில் படிவம், வருமானச் செலவுப் படிவம், தகவல் தாள் எல்லாம் இருக்கும், 30 நாள் என்று எழுதியிருக்கும். வழக்குக்கு முன் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறை இது, 2017 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இந்த 30 நாளை விடாதீர்கள். பதிலில் தொகையை மறுக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லி, ஏன் என்று சுருக்கமாக எழுதி, ஆவணங்களைக் கேளுங்கள்: போர்டின் படம், நிலத்தின் உரிமையாளரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தம், நோட்டீஸ் நகல், 170 எப்படி வந்தது என்ற விவரம். ஆவணம் கேட்டுவிட்டால், கொடுத்து 30 நாள் ஆகும் வரை அவர்கள் வழக்குப் போடக் கூடாது. வருமானச் செலவுப் படிவத்தை நிரப்ப வேண்டாம், அது கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்பவர்களுக்கு.

ஈமெயிலில் அனுப்பினால் அனுப்பிய பிரதியை வையுங்கள். தபால் என்றால் போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் போட்டதற்கான சான்று கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள்.

கோர்ட் படிவம் வந்தால்

இரண்டாவது அமைதிக் கடிதம், இருப்பதிலேயே முக்கியமானது. சிவில் நேஷனல் பிசினஸ் சென்டர் என்று நார்த்தாம்ப்டனிலிருந்து வரும், கோர்ட் முத்திரை இருக்கும், வலது மேல் மூலையில் கிளெய்ம் நம்பரும் இஷ்யூ டேட்டும் இருக்கும், ஆன்லைனில் நுழைய ஒரு பாஸ்வேர்ட் இருக்கும். தேதிக் கணக்கு இப்படி: இஷ்யூ டேட் மார்ச் 3 என்றால், ஐந்து நாள் கூட்டி மார்ச் 8 உங்களிடம் சேர்ந்த தேதி. அதிலிருந்து 14 நாள், அதாவது மார்ச் 22க்குள், அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் சர்வீஸ் போட வேண்டும். ஆன்லைனில் உள்ளே போய், முழுத் தொகையையும் எதிர்க்கிறேன் என்பதை டிக் செய்து அனுப்புவதுதான் அது. அதைப் போட்டுவிட்டால் பதில் வாதம் எழுத மார்ச் 8லிருந்து 28 நாள், ஏப்ரல் 5 வரை கிடைக்கும். முதல் படியிலேயே அவசரப்பட்டு டிஃபென்ஸ் பெட்டியில் இரண்டு வரி தட்டிவிடாதீர்கள், அதுவே உங்கள் முழு வாதமாகிவிடும். கடைசி நாளுக்கும் காத்திருக்காதீர்கள்.

பயமாக இருந்தால் எண்ணைப் பாருங்கள். 170 பவுண்டு கேட்ட வழக்கில் கோர்ட் கட்டணம் 35, சொலிசிட்டருக்கு நிர்ணயித்த தொகை 50, மேலே வருடத்துக்கு 8 சதவீத வட்டி. விசாரணைவரை போனால் இன்னொரு 27. சிறு தொகை வழக்கு என்பதால், ஒழுங்காக நடந்துகொள்கிறவர் தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீலின் முழு ஃபீஸ் தலையில் விழாது. அந்த 70ஐயும் கேள்வி கேளுங்கள்: கீப்பர் என்ற முறையில் மட்டும் உங்களைப் பிடித்திருந்தால், முதல் நோட்டீஸில் எழுதிய தொகைக்கு மேல் கேட்க முடியாது என்று அந்த 2012 சட்டமே சொல்கிறது.

வாதத்தைப் பத்தி எண் போட்டு, நிதானமாக எழுதுங்கள். அதன் பிறகு ஒரு கேள்விப் படிவம் வரும், அதில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோர்ட்டைக் கேளுங்கள். போனில் ஒரு மணி நேரச் சமரசப் பேச்சு கட்டாயம், இலவசம். கலந்துகொண்டாக வேண்டும், ஆனால் அங்கே பணம் தரச் சம்மதித்தாக வேண்டும் என்று இல்லை. விசாரணை ஒரு சின்ன அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி, இந்தப் பக்கம் நீங்கள், அவ்வளவுதான் கோர்ட். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் நன்றாகப் பேசும் நண்பரை அழைத்துப் போகலாம், நீங்களும் கூடவே இருந்தால் அவர் உங்களுக்காகப் பேசலாம்.

தோற்றால்? ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிடுங்கள், பதிவில் நிற்காது. தெரியாமலே தீர்ப்பாகி மாதக்கணக்கு ஆகிவிட்டிருந்தால், என்244 படிவத்தில் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல், வருமானம் குறைவென்றால் சலுகை கேட்கலாம். தெரிந்த நாளிலிருந்து தாமதிக்காமல் போடுவதும், கடிதம் பழைய முகவரிக்குப் போனதற்கு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில் மாதிரி ஆதாரம் வைப்பதும் முக்கியம்.

கட்டிவிடுவதே நல்லது என்று தோன்றினால்

சில நேரம் அதுவும் சரிதான். தப்பு உங்கள் பக்கம், போர்டு தெளிவு, நோட்டீஸ் நேரத்துக்கு வந்திருக்கிறது, வீட்டில் கைக்குழந்தை, இன்னும் ஒரு வருடத்துக்கு இதைச் சுமக்கத் தெம்பில்லை என்றால் 60 பவுண்டு சலுகைக் காலத்திலேயே கட்டிவிடுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. அது தாண்டிவிட்டால் 170 கட்டுவதற்கு முன், அசல் 100 மட்டும் தருகிறேன், இத்தோடு முடிந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கம்பெனியிடமே கேட்டுப் பாருங்கள். எழுத்தில் வராமல் ஒரு பென்னியும் அனுப்பாதீர்கள். நடுவில் குழப்பமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகப் பேசலாம், மற்ற கடன்களும் சேர்ந்து நெருக்கினால் கடன் ஆலோசனை தரும் நேஷனல் டெட்லைன் (Debtline) இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு "முடித்துத் தருகிறேன்" என்கிற ஆட்களிடம் போகாதீர்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். 26ஆவது நாள் மத்தியானம் பதில் படிவத்தை நிரப்பி, தொகையை மறுத்து, ஐந்து ஆவணங்கள் கேட்டு, ஈமெயிலிலும் தபாலிலும் அனுப்பினோம். போஸ்ட் ஆபீஸ் சான்றைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். ஏழு உறைகளில் முதல் நோட்டீஸ் இல்லை, அதனால் டேட்டா ரிக்வெஸ்டும் அனுப்பியாயிற்று. தேதி பார்த்த பிறகுதான் 14 நாள் வாதம் அவருக்குக் கிடைக்குமா என்று தெரியும். லாக்புக்கில் இன்னும் வெம்பிளி பழைய ரூம் முகவரிதான் இருந்தது. அதை அன்றைக்கே என் சாப்பாட்டு மேசையில் வைத்து மாற்றிவிட்டுத்தான் கிளம்பினார்.